வெயில் பட்ட பீர்

பழைய மருந்துக்கடைகளில் இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்த புட்டியும் பீர்ப் புட்டியும் ஏன் ஒரே பழுப்பு நிறத்தில் இருக்கின்றன என்று நான் வெகுகாலம் யோசித்ததில்லை. மருந்துக்கான காரணம் எல்லோருக்கும் தெரியும். சில மருந்துகள் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். பீருக்கும் அதே காரணம்தான் என்பதும், அதைக் கண்டுகொள்ள மனிதர்களுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின என்பதும், கண்டுகொண்ட பிறகும் வணிக உலகம் அதை அரைமனத்தோடுதான் ஏற்றது என்பதும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. இந்தக் கட்டுரை அந்தப் படிப்பின் சுருக்கம். மதுவைப் பரிந்துரைப்பது என் நோக்கமன்று; நம் மாநிலத்தில் வீட்டில் மது வடிப்பது குற்றம் என்பதும் வாசகர்கள் அறிந்ததே. மேலைநாடுகளில் தம் வீட்டு அடுக்களையிலும் நிலவறையிலும் பீர் காய்ச்சிக்கொள்ளும் மனிதர்களின் ஒரு கவலைக்கு நீண்ட வரலாறு உண்டு. என் ஆர்வம் அந்த வரலாற்றில்தான்.

விஷயம் இதுதான். ஹாப்ஸ் சேர்த்துக் காய்ச்சிய பீரைத் தெளிந்த கண்ணாடிக் குவளையில் ஊற்றி நல்ல வெயிலில் வைத்தால், சில நிமிடங்களிலேயே அதன் வாடை மாறத் தொடங்கும். புளிப்பன்று, ஊசல் வாடையுமன்று. கந்தகம் கலந்த ஒரு மிருக நாற்றம். வட அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு சிறு விலங்கு இருக்கிறது. பகை நெருங்கினால் வாலடியிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சும். அது பட்ட துணியைத் துவைத்துப் பயனில்லை, எறிந்துவிட வேண்டியதுதான் என்பார்கள். வெயில் பட்ட பீரை அமெரிக்கர்கள் அந்த விலங்கின் பேரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். வெறும் வசவு என்று தள்ளிவிட முடியாது. ஸ்கங்க் பீய்ச்சும் திரவத்தில் நாறுகிற பொருள்களும் வெயில் பட்ட பீரில் உண்டாகும் பொருளும் தயால் என்ற ஒரே கந்தகச் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஏறக்குறையப் பங்காளிகள். வேதியியல் தெரியாத குடிகாரனின் மூக்கு, வேதியியலாளருக்கு முன்பே உறவுமுறையைச் சரியாகச் சொல்லியிருக்கிறது.

இந்தக் கேடு பீரில் உள்ள ஹாப்ஸால் வருவது. ஹாப்ஸ் ஒரு கொடி. தாவரவியலில் கஞ்சாவின் குடும்பம். அதன் பெண்பூக்களின் செதில்களுக்கிடையே மஞ்சள் நிறப் பிசின் தூள்போல ஒட்டியிருக்கும். கசப்பு முழுவதும் அதில்தான். ஐரோப்பாவில் 822ஆம் ஆண்டிலேயே கோர்பி மடத்தின் தலைவர் அடல்ஹார்ட் எழுதிய விதிகளில் ஹாப்ஸ் பற்றிய குறிப்பு வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் பிங்கனின் ஹில்டெகார்ட் என்ற துறவி, ஹாப்ஸின் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கிறது என்று எழுதினார். அது உண்மை. பீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பலவற்றை ஹாப்ஸ் தடுத்துவிடும். ஹாப்ஸ் இல்லாத பானம் சில நாளில் கெடும். ஹாப்ஸ் சேர்த்தது மாதக்கணக்கில் நிற்கும். கப்பலேறும், ஊர் கடக்கும், விலைக்குப் போகும். 1516இல் பவேரியப் பிரபுக்கள் இங்கோல்ஷ்டாட்டில் பிறப்பித்த ஆணை, பீரில் வாற்கோதுமையும் ஹாப்ஸும் நீரும் தவிர வேறெதுவும் கூடாது என்றது. இப்படி, காவலுக்கென்று சேர்த்த பொருளே வெளிச்சம் பட்டால் நாற்றத்துக்கு மூலமாகிறது. வேலியே பயிரை மேய்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் கள்ளுக்கு இந்த நோய் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஹாப்ஸ் இல்லாததால் கெடுவதற்கான மூலப்பொருளே அதில் இல்லை. சங்கப் பாடல்களில் மண்ணில் புதைத்து முதிர்ந்த தேறலும் மூங்கில் குழாயில் விளைந்த தேறலும் வருகின்றன. தமிழ் படித்தவர்கள் இவ்விடத்தில் ‘அன்றே நம் முன்னோர் ஒளித்தடை அறிந்திருந்தனர்’ என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. நானும் அந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்பதால் முன்கூட்டியே மறுத்துவைக்கிறேன். அவர்கள் வேண்டியது முதிர்ச்சி. இருள் தானாக வந்த உடன்விளைவு.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருள் அப்படித் தானாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. மறந்துவிடக்கூடாத ஒன்று, பீர் வடிப்பது முதலில் வீட்டுவேலை, அதிலும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ரொட்டி சுடுவதுபோல, வெண்ணெய் கடைவதுபோல அதுவும் ஒன்று. இங்கிலாந்தில் ஜெர்வேஸ் மார்க்கம் 1615இல் வெளியிட்ட இல்லத்தரசிக்கான கையேட்டில் வாற்கோதுமையை முளைகட்டுவது முதல் பானம் வடிப்பது வரை எல்லாம் குடும்பப் பெண்ணின் கடமைகளாகவே வருகின்றன. புட்டியில் அடைக்கும் ஏலைப் பற்றி அவர் சொல்லும் யோசனை சுவையானது: வாய் குறுகிய உருண்டைப் புட்டிகளில் ஊற்றி, தக்கையால் இறுக அடைத்து, குளிர்ந்த நிலவறையில் இடுப்பளவு மணலில் புதைத்து வைக்கவேண்டும். குளிர்ச்சிக்கும், புட்டி வெடித்தால் சேதம் குறையவும் இது உதவியிருக்கும். வெளிச்சம் பற்றி அவர் கவலைப்பட்டதற்கு அறிகுறி இல்லை. மணலும் நிலவறையும் அந்த வேலையையும் கேட்காமலே செய்துகொடுத்தன.

பெருவாரியான பீர் புட்டிக்குப் போகவே இல்லை. ஓக் பீப்பாயில் புளித்து, ஓக் பீப்பாயில் கிடந்து, அங்கிருந்து மண்குவளைக்கோ மரக்குவளைக்கோ தோல்குவளைக்கோ வந்தது. ஜெர்மன் நாடுகளில் சுட்ட மண்ணாலான தடித்த குவளைக்கு வெள்ளீயக் கலவையில் மூடிபோட்டுக் கீல் வைத்தார்கள். பானத்தின் நிறம் குடிப்பவனுக்கே தெரியாது. பீர் இருளில் பிறந்து இருளில் முதிர்ந்து இருள் வழியாகவே தொண்டைக்குள் இறங்கியது. ஹாப்ஸ் அதில் நூற்றாண்டுக்கணக்காக இருந்தும் ஒளி நோய் தலைகாட்டாததற்கு இந்தப் பாத்திரங்களே காரணம் என்று நினைக்கிறேன்.

பவேரியாவில் இதற்கு இன்னும் அழகான ஒரு வடிவம் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே கோடையில் பீர் காய்ச்சத் தடை வந்தது. ஏப்ரல் 23 ஜார்ஜ் திருநாளிலிருந்து செப்டம்பர் 29 மிக்கேல் திருநாள் வரை அடுப்பு எரியக்கூடாது. வெயிலில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதும் தீவிபத்துப் பயமும் காரணங்கள். ஆகவே வசந்தத்தில் காய்ச்சியதைக் கோடை முழுக்க வைத்துக் காப்பாற்றவேண்டும். நதிக்கரை மேடுகளில் ஆழமான நிலவறைகள் தோண்டினார்கள், பனிக்கட்டி நிரப்பினார்கள், மேலே சரளைக்கல் பரப்பினார்கள், குதிரைச் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். வேர் ஆழப் போகாமல் படர்வதும், அகன்ற இலைகளால் அடர்நிழல் தருவதும் அந்த மரத்தின் இயல்பு. நிழல் நிலவறையைக் குளிர்வித்தது. அப்புறம் மக்கள் அந்த நிழலிலேயே பலகை போட்டு உட்கார்ந்து குடிக்கத் தொடங்க, ஊருக்குள்ளிருந்த விடுதிக்காரர்கள் முறையிட, 1812 ஜனவரி 4ஆம் தேதி அரசர் முதலாம் மாக்சிமிலியன் யோசப் ஓர் ஆணையால் வழக்கைத் தீர்த்தார். நிலவறைக்காரர்கள் கோடையில் அங்கேயே பீர் விற்கலாம். ரொட்டி தவிர வேறு உணவு தரக்கூடாது. மியூனிக் நகரின் பீர்த் தோட்டங்களில் சாப்பாட்டைத் தாமே கட்டிக்கொண்டு வருபவர்களை இன்றும் காணலாம். அந்தச் செஸ்ட்நட் நிழல் இன்று நிலவறையைவிடக் குவளைக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. மண்குவளை போய்க் கண்ணாடிக் குவளை வந்துவிட்டதே.

கண்ணாடியின் கதைக்கு மறுபடி இங்கிலாந்து போகவேண்டும். மார்க்கமின் நூல் வந்த அதே 1615இல், கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று முதலாம் ஜேம்ஸ் அரசர் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை விதித்தார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரியின் கடும் வெப்பத்தில் உருவான கண்ணாடி தடித்தது, வலுவானது. மணலில் இருந்த இரும்பும் உலையின் புகையும் சேர்ந்து அது ஏறக்குறையக் கறுப்பாகவே இருந்தது. 1630களில் சர் கெனெல்ம் டிக்பி இத்தகைய புட்டிகளைச் செம்மைப்படுத்தியவராக அறியப்படுகிறார். நுரைக்கும் பானத்தின் அழுத்தத்தைத் தாங்கும் புட்டி இப்படித்தான் கிடைத்தது. கறுப்பாக இருந்ததால் வெளிச்சத்தையும் தடுத்தது. இங்கேயும் பாதுகாப்பு எதிர்பாராமல் வாய்த்ததுதான். தூய்மையற்ற மணலுக்கு நன்றி.

ஆபத்து தூய்மையின் வழியாக வந்தது. இங்கிலாந்தில் 1745 முதல் கண்ணாடிக்கு எடைப்படி வரி இருந்தது. 1845இல் அது நீக்கப்பட்டதும் கண்ணாடி மலிந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1842 அக்டோபர் 5 அன்று, பொஹீமியாவின் பில்சன் நகரில் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியர் புதுவகை பீர் ஒன்றைக் காய்ச்சினார். அந்த ஊரின் மென்னீர், இளம் வறுவலான மால்ட், உள்ளூர் சாட்ஸ் ஹாப்ஸ் மூன்றும் சேர்ந்து பொன்னிறமாக, அடி தெரியும் தெளிவோடு ஒரு பானம் வந்தது. பொஹீமியாவோ கண்ணாடிக்குப் பேர்போன நாடு. பொன்னிற பீரைக் கண்ணாடியில் பார்த்தவன் மண்குவளைக்குத் திரும்ப விரும்பவில்லை. கலங்கலைக் காட்டாத மண்குவளையில் கறுப்பு பீரைக் குடித்துவந்த ஐரோப்பா, இரண்டு தலைமுறைக்குள் தெளிவையும் நுரையையும் பார்த்துப் பார்த்துக் குடிக்கத் தொடங்கியது. அதுவரை நாக்குக்கும் மூக்குக்கும் உரியதாக இருந்த ஒன்றில் கண் நுழைந்தது. உள்ளிருப்பதைக் கண் பார்க்கவேண்டுமென்றால் வெளிச்சம் உள்ளே போகாமல் முடியாது.

கேடு விரைவிலேயே தெரியவந்தது. பவேரியாவின் வைஹென்ஸ்டெபானில் பீர் வடிப்புக் கலையைக் கற்பித்த கார்ல் லிண்ட்னர், வெளிச்சம் பட்ட பீரில் அருவருப்பான வாடையும் சுவையும் உண்டாவதை 1875இல் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு பாரிசில் பாஸ்தரின் பீர் ஆய்வு நூல் வெளியானது. பீர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று அது நிறுவ, உலகத்தின் கவனம் முழுவதும் அந்தப் பக்கம் போயிற்று. நுண்ணுயிருக்கு மருந்து கிடைத்தது: சூடாக்குதல், தூய்மை, லிண்டேயின் குளிர்விப்பு இயந்திரம். பாஸ்தரின் மருந்தெல்லாம் பார்த்துச் செய்த ஒரு புட்டியும் கடையின் சன்னலில் ஒரு பிற்பகல் நின்றால் போயிற்று. அதில் ஒரு நுண்ணுயிர்கூட இருக்காது, ஆனால் நாறும். இந்த இரண்டாவது சாவுக்குக் காரணம் சொல்ல இன்னொரு நூற்றாண்டு ஆனது.

காரணம் தெரியாமலே தீர்வு கிடைத்தது ஒரு வேடிக்கை. பழுப்புக் கண்ணாடியில் பீர் தப்புகிறது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் ஷ்லிட்ஸ் நிறுவனம் 1910களின் தொடக்கத்தில் பழுப்புப் புட்டியையே தன் விளம்பரமாக்கியது. வெளிச்சம் பீரைக் கெடுக்கும், எங்கள் புட்டி காக்கும் என்று பத்திரிகைகளில் பாடம் நடத்தியது. பழுப்பு நிறம் வரும் விதத்தையும் சொல்லவேண்டும். உருகும் கண்ணாடியில் இரும்பும் கந்தகமும் கரியும் சேர்த்து, காற்று குறைந்த உலையில் காய்ச்சினால் அந்தத் தேன்நிறம் பிறக்கும். உள்ளே பீரை நாறவைப்பது கந்தகம். வெளியே புட்டிக்குக் காவல் நிறம் தருவதிலும் கந்தகம்.

பொறுப்பாளியைப் பிடித்தவர்கள் ஜப்பானியர். கிரின் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்த குரோய்வாவும் ஹாஷிமோட்டோவும் 1961இலும் 1963இலும் வெளியிட்ட ஆய்வுகளில் கதை துலங்கியது. ஹாப்ஸைக் கொதிக்கவைக்கும்போது அதன் பிசின் அமிலம் உருமாறி ஐசோஹியுமுலோன் ஆகிறது. பீரின் கசப்பு இதுதான். ஆனால் கண்ணுக்குப் புலனாகும் வெளிச்சத்தை ஐசோஹியுமுலோன் தானாக உறிஞ்சுவதில்லை. அதற்கு ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர் ரைபோஃப்ளேவின், நாம் பி2 வைட்டமின் என்று மாத்திரையாக விழுங்கும் அதே மஞ்சள் பொருள். மால்ட்டிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் அது இயல்பாகவே பீருக்குள் வந்துவிடுகிறது. ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிக் கிளர்ச்சியுற்ற ரைபோஃப்ளேவின், அந்தக் கிளர்ச்சியை ஐசோஹியுமுலோன்மேல் இறக்குகிறது. ஐசோஹியுமுலோனின் பக்கச் சங்கிலியிலிருந்து ஒரு துண்டு முறிகிறது. முறிந்த துண்டு துணையின்றி நிற்காது. பீரின் புரதப் பகுதிகளில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறப்பது 3-மீத்தைல்-2-பியூட்டீன்-1-தயால். பெயர் நீளம், அளவு அற்பம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு.

முறியும் கணத்தை நேரில் பார்க்க இன்னும் நாற்பது ஆண்டு பிடித்தது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, லேசர் ஒளியால் மூலக்கூறைத் தாக்கி அதன் நொடிப்பொழுது இடைநிலைகளைக் காந்தப்புலத்தில் பதிவு செய்தன. 2001இல் வெளியான அந்த ஆய்வு, லிண்ட்னர் எழுதி 126 ஆண்டுகளுக்குப் பின் வந்தது. ஒரு கோப்பை கெட்டுப்போவதைப் புரிந்துகொள்ள இத்தனை காலமா என்று கேட்கலாம். ஒரு சொல்லின் வேரைத் தேடி மூன்று தலைமுறை சண்டையிட்ட துறையைச் சேர்ந்த நான் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணியமாட்டேன்.

ரைபோஃப்ளேவின்தான் தரகர் என்று தெரிந்ததும் புட்டிகளின் நிறம் அர்த்தம் பெற்றது. சுமார் 350 முதல் 500 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான ஒளிதான் தீங்கு செய்வது. பழுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பச்சை மிகக் கொஞ்சம் தடுக்கும். நிறமற்ற கண்ணாடி புறஊதாவில் ஒரு பகுதியை நிறுத்தினாலும் ஊதாவையும் நீலத்தையும் அப்படியே உள்ளே விடும். பீர் குடிக்காத வாசகருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பாலிலும் ரைபோஃப்ளேவின் இருக்கிறது; கண்ணாடிப் புட்டியிலோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கிலோ வெளிச்சத்தில் வைத்த பால் கெட்ட சுவை பெறுவதற்கும் இதே தரகர்தான் காரணம். ஷாம்பேனுக்கும் ஒளிச்சுவை என்றொரு நோய் உண்டு. ருசியச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டருக்காக 1876இல் ரோடரர் நிறுவனம் நிறமற்ற படிகப் புட்டியில் ஷாம்பேன் செய்துகொடுத்தது. கிறிஸ்டல் என்ற பெயரில் இன்றும் விற்கும் அந்தப் புட்டியை மஞ்சள் தாளில் சுற்றித்தான் அனுப்புகிறார்கள். தெளிவாகத் தெரியவேண்டும் என்று புட்டி செய்து, பிறகு தெரியாதபடி தாள் சுற்றுகிறார்கள்.

இனி வணிகத்துக்கு வருவோம். அறிவு கிடைத்துவிட்டது, பழுப்புப் புட்டியும் இருக்கிறது. பிரச்சினை தீர்ந்தது என்று நாம் நினைப்போம். தீரவில்லை. மில்வாக்கியின் மில்லர் நிறுவனம் 1903இல் தொடங்கிய ‘ஹை லைஃப்’ பீரைப் பொன்னிறம் பளிச்சிடும் நிறமற்ற புட்டியில் விற்றது. அந்தப் புட்டியே அதன் அடையாளம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடைகளில் ஐரோப்பிய இறக்குமதி என்றால் பச்சைப் புட்டி என்ற எண்ணம் வேரூன்றி, பச்சை மேட்டிமையின் நிறமாயிற்று. பச்சையில் பழகியவர்களுக்கு அந்த லேசான ஸ்கங்க் வாடையே இறக்குமதிச் சரக்கின் இயற்கை மணம் என்று தோன்றத் தொடங்கிய கூத்தும் நடந்தது. மெக்சிகோவின் கொரோனா நிறமற்ற புட்டியில் வருகிறது. அதன் வாயில் எலுமிச்சைத் துண்டு செருகும் வழக்கம் நாற்றத்தை மறைக்கத்தான் பிறந்தது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பிறகு கட்டிய கதையாகத்தான் படுகிறது.

புட்டியை மாற்ற மனமில்லாத பெருநிறுவனங்கள் ஹாப்ஸை மாற்றின. ஐசோஹியுமுலோனின் மூலக்கூறில் முறியக்கூடிய இடத்தை ஹைட்ரஜன் சேர்த்து வேதியியல் முறையில் திருத்திவிட்டால், வெளிச்சம் பட்டாலும் அந்த நாற்றத் துண்டு பிறக்காது. இப்படித் திருத்திய ஹாப்ஸ் சாறு 1960களிலிருந்து புழக்கத்துக்கு வந்தது. மில்லர் அதன் முன்னோடிகளில் ஒருவர். கெட்டித் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண ஹாப்ஸ் ஒரு துளிகூடக் கலக்காமல் பார்த்துக்கொண்டால்தான் பயன். அதாவது ஆயிரம் ஆண்டுகளாகப் பீரைப் பீராக்கிய பூவை முற்றிலும் வெளியேற்றிவிட்டு, அதன் திருத்திய நிழலை உள்ளே வைக்கவேண்டும். அதுவும் எதற்காக? கடைச் சன்னலில் பொன்னிறம் தெரிவதற்காக. பானத்துக்காகப் பாத்திரம் என்ற முறை இங்கே தலைகீழாகிவிட்டது. எனக்கு இது ஒப்பவில்லை. ஒப்பவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

வீட்டில் வடிப்பவர்கள் கதைக்குள் மறுபடி வருவது இங்கேதான். மார்க்கமின் காலத்து இல்லத்தரசியிடமிருந்து இந்தத் தொழில் மெல்ல மெல்லப் பறிபோயிற்று. ஆலைகள் பெருத்தன, இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் வடிப்பதற்கும் உரிமம் வாங்கச் சொன்னது. நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் 1963இல் அதை நீக்கும்வரை அந்த நிலை நீடித்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. மால்ட் சாறு மட்டும் டப்பாக்களில் தாராளமாக விற்றது, ரொட்டி சுடுவதற்கு என்ற பெயரில். வாங்கியவர்கள் நிலவறையில் பெரிய மண்சாடிகளில் அதைப் புளிக்கவைத்தார்கள். காவலருக்குப் பயந்து ஒளித்த சாடி வெளிச்சத்துக்கும் ஒளிந்தே இருந்தது. அந்தக் காலத்து வீட்டு பீருக்கு வேறு பல குறைகள் இருந்திருக்கலாம், இந்தக் குறை இருந்திருக்க நியாயமில்லை. மதுவிலக்கு நீங்கியபோதும் வீட்டில் திராட்சை மது செய்ய இருந்த சலுகை பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தில், செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் சேர்த்த திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், ஒருவர் மட்டும் என்றால் 100. அதே ஆண்டு டிசம்பரில் சார்லி பபாசியனும் நண்பர்களும் கொலராடோவின் போல்டர் நகரில் வீட்டு வடிப்பாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1984இல் வந்த அவருடைய நூல் ஒரு தலைமுறைக்கே கைநூலாயிற்று.

இந்தப் புதிய தலைமுறை மண்சாடிக்குப் போகவில்லை, கண்ணாடிக்குப் போனது. ஐந்து கேலன் கொள்ளும், கழுத்துக் குறுகிய பெரிய கண்ணாடிக் குடுவை. குடிநீர் விற்கப் பயன்பட்டது, எளிதில் கிடைத்தது. கார்பாய் என்பார்கள், கராபா என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். கண்ணாடி கீறாது, வாடை பிடிக்காது. இவற்றைவிடப் பெரிய காரணம், உள்ளே நடப்பதைப் பார்க்கலாம் என்பது. ஈஸ்ட் போட்ட மறுநாள் பழுப்பு நுரை மலைபோல் எழுவதும், துகள்கள் மேலும் கீழும் சுழல்வதும், ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கி அடியில் வெண்மண்டி படிவதும் வீட்டு வடிப்பாளருக்குப் பெரிய கேளிக்கை. பில்சனில் குடிப்பவனைப் பிடித்த ஆசை, இங்கே வடிப்பவனையும் பிடித்துக்கொண்டது. அவன் நிலை இன்னும் மோசம். ஆலைக்காரனின் பீர் உருக்குத் தொட்டியில் இருட்டில் புளிக்கிறது. புட்டிக்கு வந்த பிறகுதான் ஆபத்து. வீட்டுக்காரனின் பீர் பிறந்த நாள் முதலே கண்ணாடிக்குள். ஹாப்ஸைக் கொதிக்கவைத்த கணத்திலேயே ஐசோஹியுமுலோன் வந்துவிடுகிறது, மால்ட்டின் ரைபோஃப்ளேவின் அங்கேயே இருக்கிறது. சன்னலோரம் வைத்த குடுவை, பீர் ஆகி முடிவதற்குள்ளேயே கெட்டுவிடலாம். திருத்திய ஹாப்ஸ் சாறு அவன் கையிலிருக்கும் வழியன்று. இருந்தாலும் அவன் விரும்பமாட்டான். ஹாப்ஸ் பூவைக் கையில் கசக்கி முகர்ந்து போடுவதற்காகத்தானே அவன் இந்த வேலைக்கே வந்தான்.

ஆகவே அவர்கள் செய்வதெல்லாம் மார்க்கமுக்குப் புரியக்கூடியவை. குடுவையை நிலவறையிலோ துணி அலமாரியிலோ வைக்கிறார்கள். அட்டைப்பெட்டியைக் கவிழ்க்கிறார்கள், கறுப்புப் பை சுற்றுகிறார்கள், கம்பளி போர்த்துகிறார்கள். புட்டியில் அடைக்கும்போது கடையில் வாங்கிக் குடித்த பழுப்புப் புட்டிகளைக் கழுவிச் சேர்த்து வைத்துப் பயன்படுத்துகிறார்கள். பச்சையும் நிறமற்றதும் ஒதுக்கப்படும், அல்லது மூடிய பெட்டிக்குள்ளேயே இருக்கும். பழுப்பும் முழுக்காவல் இல்லை என்பதால் நேர் வெயிலில் அதையும் வைப்பதில்லை. குழல்விளக்கும் கெடுக்கும், மெதுவாக. இப்போதைய வெள்ளை எல்இடி விளக்குகளில் பல 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியின்மேல் கட்டப்பட்டவை. ரைபோஃப்ளேவின் ஆவலோடு உறிஞ்சும் இடமும் அதற்கு மிக அருகில்தான். நிலவறை விளக்கை அணைக்க மறப்பது இந்த வட்டாரத்தில் சிறு குற்றமன்று. உலோகக் கலன்களுக்கும் ஒளிபுகா வாளிகளுக்கும் மாறிவிட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பார்க்கும் சுகமும் இல்லை.

கண்ணாடியை விடமாட்டேன் என்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய கறுப்பு டி-ஷர்ட் ஒன்றை எடுத்து, குடுவையின் கழுத்து வழியாகத் தலை நுழைவதுபோல் மாட்டிவிடுகிறார்கள். கைகள் இருபுறமும் வெறுமனே தொங்கும். உள்ளே நுரை எழுந்திருக்கிறதா என்று தெரியவேண்டுமானால் கைவிளக்கை எடுத்துக்கொண்டு இரவில் வந்து, சட்டையின் ஓரத்தைச் சற்றே தூக்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு இறக்கிவிடவேண்டும்.